வீதியைத் தீட்டிய சாந்தகப்பை

காலையிற் கதவைத் திறந்ததும் முதலிற் கண்ணுக்குப் புலனாவது வீதி. பால் கொண்டு வருபவன், பாடசாலைக்கு விரையும் பிள்ளைகள், மூட்டை சுமப்பவன், கடைப்பலகைகளைக் கழற்றி அடுக்கும் வணிகன், மழைக்குக் குடையை விரித்து ஓரமாக ஒதுங்கும் மூதாட்டி என எத்தனையோ மாந்தர் அதிலே வந்து போகின்றனர். நாடோறும் காண்பதனாலேயே எவரும் நின்று நோக்காத காட்சி அது. உலகத்துப் பேரோவியர்களும் நெடுங்காலம் அதனை நின்று நோக்கினாரல்லர். தேவரையும் அரசரையும் போர்க்களத்தையும் தீட்டிய தூரிகைகள் வீதியைப் பெரும்பாலும் பின்னணியாகவே வைத்திருந்தன.

இன்றோ, மழையில் நனைந்த தெருவும் விளக்கொளியும் வண்ணக் குடைகளும் நிறைந்த ஓவியங்கள் பல நாடுகளில் எளிய மக்களின் வீட்டுச் சுவர்களிலும் தொங்குகின்றன. அவற்றுட் பல தூரிகையால் ஆனவை அல்ல. சிறு கத்தியொன்றினாற் சாயத்தை அள்ளி, கொத்தன் சாந்து பூசுவது போலத் துணியின்மேல் அப்பித் தீட்டப்பட்டவை. அச்சாயமும் பல வேளைகளில் அக்கிறிலிக் எனப்படும் செயற்கைப் பிசினால் ஆனது. இக்கத்தியும் இச்சாயமும் எங்கிருந்து வந்தன என்று ஆராய்வோர்க்கு ஓர் உண்மை புலனாகும். வீதியை ஓவியத்தினுள் அழைத்து வந்த கருவிகள் பெரும்பாலும் வீதித் தொழில்களின் உறவினவே. கொத்தனின் சாந்தகப்பை, மோட்டார் வண்டிக்குப் பூசும் சாயம், வீட்டுச் சுவருக்கு அடிக்கும் சாயம் ஆகியவற்றின் வரலாறும் வீதி ஓவியத்தின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இத்தாலி நாட்டிலே சியெனா என்னும் நகரில் நகராட்சி மாளிகை ஒன்று உண்டு. அதன் சுவர்களில் 1338, 1339 ஆகிய ஆண்டுகளில் அம்புரோஜியோ லொரென்செத்தி என்னும் ஓவியர் நல்லாட்சியின் பயன்களையும் கொடுங்கோலின் விளைவுகளையும் தீட்டினார். நல்லாட்சி நடக்கும் நகரம் எவ்வாறு இருக்கும் என்பதைக் காட்டுவதற்கு அவர் தேர்ந்த பொருள் வீதியே. அங்கே சப்பாத்துக் கடை திறந்திருக்கிறது. ஆசிரியரொருவர் மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்கிறார். சிலர் கைகோத்து ஆடுகின்றனர். கட்டடம் ஒன்றின் உச்சியிலே கொத்தர்கள் வேலை செய்கின்றனர். ஆள்வோர் அமர்ந்து முறை செய்யும் மண்டபத்தில், அவர்தம் கண்ணெதிரே, இவ்வீதி எழுதப்பட்டது. வீதி அமைதியாக இருத்தலே அரசின் சிறப்பு என்பது அதன் பொருள்.

அவ்வோவியம் ஈரச் சாந்தின்மேல் எழுதும் முறையைச் சார்ந்தது. கொத்தன் அன்றன்று ஒரு பகுதிக்குச் சாந்து பூசுவான். அது காயுமுன் ஓவியன் அப்பகுதியைத் தீட்டி முடித்தல் வேண்டும். சுண்ணாம்பு காய்ந்து இறுகுங்கால் வண்ணமும் அதனோடு கலந்து சுவராகவே ஆகிவிடும். ஆகவே சாந்தகப்பையும் தூரிகையும் அக்காலத்தில் ஒரே சாரத்தில் ஏறி நின்று வேலை செய்தன. விரைந்து காயும் பரப்பில் விரைந்து எழுதுவது அம்முறையின் இயல்பு. பின்னர் எண்ணெய்ச் சாயம் பரவியபோது ஓவியன் சாரத்திலிருந்து இறங்கித் தன் அறைக்குட் சென்றான். ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த சாயம் ஆறுதலாகக் காய்ந்தது. மென்மையான நிழல்களையும் பட்டாடையின் மினுக்கத்தையும் காட்ட அது பேருதவி புரிந்தது. கொத்தனுக்கும் ஓவியனுக்கும் இருந்த உறவு அற்றது.

அதனோடு மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஓவியப் பொருள்களுக்குள் உயர்வு தாழ்வு கற்பிக்கப்பட்டது. பிரான்சிய அரச கலைக்கழகத்தின் சார்பில் 1667ஆம் ஆண்டின் சொற்பொழிவுகளுக்கு முன்னுரை வரைந்த அந்திரே பெலிபியேன், சமய வரலாறும் புராணமும் தழுவிய ஓவியங்களை உச்சியில் வைத்தார். உருவப்படம், இயற்கைக் காட்சி, பழமும் பூவும் முதலியன படிப்படியாகக் கீழே நின்றன. ஒல்லாந்தர் நாட்டில் மட்டும் வணிகர்கள் தம் வீட்டையும் தெருவையும் ஓவியத்திற் காண விரும்பினர். யோகன்னஸ் வெர்மீர் 1658ஆம் ஆண்டளவில் தீட்டிய டெல்ப்ட் நகரத்துச் சிறு தெரு இன்றும் ஆம்ஸ்ரர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாயிலில் அமர்ந்து தைக்கும் ஒரு மாது, ஒடுங்கிய வழியில் வேலை செய்யும் இன்னொருத்தி, தரையிற் குனிந்து விளையாடும் இரு குழந்தைகள், பழஞ்செங்கற் சுவர் ஆகியவையே அதன் பொருள். அளவிலும் மிகச் சிறியது. இரண்டடி உயரமும் இல்லை. பெரிய ஓவியம் பெரியோர்க்கே உரியது என்ற எண்ணம் இன்னும் இரு நூற்றாண்டு நீடித்தது.

இனிக் கத்தியை நோக்குவோம். வண்ணப் பொடியை எண்ணெயோடு குழைப்பதற்கும், பலகையிற் சாயங்களைக் கலப்பதற்கும், மிஞ்சியதைச் சுரண்டி எடுப்பதற்கும் ஓவியர்கள் வளையுந் தன்மையுள்ள மெல்லிய உருக்குத் தகட்டுக் கத்தியை வைத்திருந்தனர். அது பணியாளின் கருவி. ஓவியத்தின்மேல் அதற்கு இடமில்லை. இவ்வழக்கை மீறியோர் இடையிடையே தோன்றினர். ஒல்லாந்து ஓவியர் றெம்பிராந்து தம் முதுமையில், யூத மணமகள் எனப்படும் ஓவியத்திலே பொன்னிறச் சட்டைக் கையைத் தடித்த சாயத்தால் அமைத்தார். அதிற் கத்தியும் பயன்பட்டிருக்கலாம் என ஆராய்ந்தோர் கருதுவர். இங்கிலாந்தில் ஜோன் கொன்ஸ்டபிள் தம் பிற்காலத்து நிலக்காட்சிகளில் நீரின் மினுக்கத்தையும் இலைகளின் ஒளியையும் கத்தியால் இட்டார். ஆயினும் கத்தியைத் தூரிகைக்கு நிகரான கருவியாக உயர்த்திய பெருமை பிரான்சிய ஓவியர் குஸ்தாவ் கூர்பேக்கு உரியது.

கூர்பே 1819ஆம் ஆண்டு ஓர்னான் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். 1849ஆம் ஆண்டில் அவர் வண்டியில் செல்லுங்கால் தெருவோரத்தில் இருவர் கல்லுடைப்பதைக் கண்டார். ஒருவர் முதியவர், மற்றவன் இளைஞன். வீதி போடுவதற்கான கல்லை உடைக்கும் அவ்விருவரையும் தம் கூடத்திற்கு அழைத்துத் தீட்டினார். அவ்வோவியம் ஐந்தடிக்கு மேற்பட்ட உயரமும் எட்டடிக்கு மேற்பட்ட அகலமும் உடையது. அரசர்க்கும் வீரர்க்கும் உரியதெனக் கருதப்பட்ட அளவைக் கல்லுடைப்போர்க்கு அளித்ததே அவர் செய்த புரட்சி. இருவருடைய முகமும் நன்கு தெரியவில்லை. கிழிந்த சட்டையும் தேய்ந்த சப்பாத்தும் கல்லுமே முன்னிற்கின்றன. 1850ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பாரிஸ் காட்சியில் அது வைக்கப்பட்டபோது கற்றோர் பலர் முகஞ் சுளித்தனர். அவ்வோவியத்தை இன்று எவரும் காண இயலாது. 1945ஆம் ஆண்டில் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரப் பகுதியில் நடந்த குண்டு வீச்சில் அது அழிந்தது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. நிழற்படங்களே எஞ்சியுள்ளன.

கூர்பே துணியில் முதலிற் கரிய சாயத்தைப் பூசிக்கொள்வார். பின்னர் இருளிலிருந்து ஒளியை நோக்கிச் செல்வார். பாறையையும் அலையையும் பனியையும் கத்தியால் அப்பி, சுரண்டி, இழுத்து அமைப்பார். பாறையின் கரடுமுரடு சாயத்தின் கரடுமுரடாகவே நின்றது. கொத்தன் சுவரில் வேலை செய்வதற்கும் இதற்கும் வேறுபாடு யாது என்று எள்ளினோர் இருந்தனர். அவ்வேறுபாட்டை அகற்றுவதே கூர்பேயின் நோக்கம் எனலாம். உழைப்பாளியை உழைப்பாளியின் கருவியை ஒத்த கருவியால் தீட்டுதல் நேர்மையானது என அவர் வழிவந்த இளைஞர் கண்டனர். போல் செசான் 1866ஆம் ஆண்டில் தம் தந்தையார் செய்தித்தாள் படிக்கும் காட்சியைப் பெருமளவு கத்தியாலேயே தீட்டினார். அடுத்த ஆண்டிற் கமீல் பிசாரோ அப்பமும் பழமும் மதுக்குடுவையும் கொண்ட ஓவியமொன்றை அவ்வாறே அமைத்தார்.

அதற்குள் ஓவியன் தன் அறையை விட்டு வெளியேறுவதற்கு வழி பிறந்துவிட்டது. முன்னர் குழைத்த சாயத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையிற் கட்டி வைப்பர். ஆணியால் துளையிட்டுப் பிதுக்கி எடுப்பர். துளையிட்டபின் சாயம் விரைவிற் கெட்டுவிடும். சில வேளைகளிற் பை வெடித்தும் போகும். அமெரிக்க ஓவியர் ஜோன் கோப் றாண்ட் இலண்டனில் வாழ்ந்த காலத்தில், 1841ஆம் ஆண்டு, நெருக்கினால் மடியும் ஈயத்தகரக் குழாயைச் செய்து உரிமைச் சாசனம் பெற்றார். இன்று பற்பசை வரும் குழாய்க்கும் அதுவே மூதாதை. பெட்டிக்குள் இருபது வண்ணங்களை அடுக்கிக்கொண்டு தெருவுக்குச் செல்ல ஓவியனால் இப்போது முடிந்தது. வண்ணங்களும் மலிந்தன. ஆப்கானித்தானத்து நீலக் கல்லை அரைத்துப் பெற்ற விலையுயர்ந்த நீலத்துக்கு ஈடாகச் செயற்கை நீலம் 1828ஆம் ஆண்டில் பிரான்சில் அறிவிக்கப்பட்டது. தேவமாதாவின் போர்வைக்கென ஒதுக்கப்பட்ட வண்ணம் கூலியாளின் மேற்சட்டைக்கும் கிடைத்தது.

தீட்டுவதற்கு வீதியும் ஆயத்தமாயிற்று. 1853ஆம் ஆண்டு முதல் மூன்றாம் நெப்போலியனின் ஆணைப்படி ஓஸ்மான் என்னும் அதிகாரி பாரிஸ் நகரத்தின் பழைய சந்துகளை இடித்து அகன்ற வீதிகளை அமைத்தார். பல ஏழைக் குடும்பங்கள் நகரின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டன. புதுவீதிகளில் விளக்கும் மரமும் கடையும் கூட்டமும் பெருகின. குளோட் மொனே கப்புசின் வீதியை மேல்மாடியிலிருந்து நோக்கித் தீட்டி, 1874ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் அதே வீதியில் நடந்த காட்சியில் வைத்தார். கீழே நடமாடும் மக்கள் ஒவ்வொருவரும் ஒரு கரிய தீற்றல் மட்டுமே. லூயி லெறோய் என்னும் திறனாய்வாளர், வீதியில் நடக்கும்போது தாமும் இவ்வாறுதானா தோன்றுகிறார் என்று ஒரு பாத்திரத்தின் வாயிலாகக் கேட்டு நகைத்தார். நகைப்பாகக் கேட்ட கேள்வியாயினும் அதிலே நியாயம் உண்டு. கூர்பே கல்லுடைப்போனுக்கு அரசனின் அளவைக் கொடுத்தார். மொனே வழிப்போக்கனை ஒரு துளியாக்கினார். வீதியைத் தீட்டுவோர் அன்று முதல் இவ்விரு வழிகளுக்கிடையே நிற்கின்றனர்.

பிசாரோவின் கதை இதனை விளக்கும். 1897ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு வயது 66. கண்ணோயினால் காற்றும் தூசியும் ஆகாவென ஆயிற்று. மொன்மார்த்தர் வீதியை நோக்கிய விடுதி அறையொன்றை வாடகைக்குப் பெற்று, சாளரத்தருகே அமர்ந்து, அதே வீதியைப் பதினான்கு முறை தீட்டினார். காலைப் பனி, பிற்பகல் வெயில், மழை, விழா ஊர்வலம், இரவு விளக்கு என ஒவ்வொன்றும் வேறு. இளமையிற் கையாண்ட கத்தியை அவர் எப்போதோ கைவிட்டிருந்தார். இவற்றைத் தூரிகையாலேயே தீட்டினார். வண்டிகள் நெருங்கி நிற்கின்றன. நடைபாதையிற் கூட்டம் அசைகின்றது. துளிகளாகத் தோன்றினும் அவை வெறும் புள்ளிகள் அல்ல. நடையின் விரைவும் குடையின் சாய்வும் அவற்றிலே தெரிகின்றன.

கத்தியை வீதிக்கு ஏற்ற கருவியாகக் கொள்ள முடியாமைக்குக் காரணம் சாயத்தில் இருந்தது. எண்ணெய்ச் சாயம் நீர்போல உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகும். மெல்லிய பூச்சுக்கே சில நாட்கள் வேண்டும். கத்தியால் அப்பிய தடித்த பூச்சு உள்ளே இறுக மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள், செல்லும். மேற்புறம் முந்திக் காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும். ஈரமான பூச்சின்மேல் மற்றொரு வண்ணத்தை அப்பினால் இரண்டுங் கலந்து சேறாகும். வீதியோ கணத்துக்குக் கணம் மாறுவது. விரைவாகக் காய்வதும், தடிப்பாக நிற்பதும், வெடிக்காததுமான சாயம் வேண்டியிருந்தது. அதைத் தேடும் முயற்சியின் ஓர் இழை மறுபடியும் சுவரிலும் வீதியிலுமே தொடங்கிற்று.

1932ஆம் ஆண்டில் மெக்சிக்கோ நாட்டுச் சுவரோவியர் தாவீது அல்பாரோ சிகெய்ரோஸ் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வந்திருந்தார். அங்கே ஒல்வேரா வீதி என்பது உல்லாசப் பயணிகளுக்காக மெக்சிக்கோச் சந்தை போல அலங்கரிக்கப்பட்ட தெரு. அங்குள்ள கட்டடமொன்றின் இரண்டாம் மாடிச் சுவரில் வெப்பநாட்டு அமெரிக்கா என்ற பொருளிற் சுவரோவியம் எழுதுமாறு அவரைக் கேட்டனர். இனிய சோலையும் கனிகளும் வண்ணப் பறவைகளும் வருமென எதிர்பார்த்தனர். அவர் சீமெந்துப் பரப்பின்மேல் சாயந் தெளிக்கும் துப்பாக்கியையும் பயன்படுத்தி, சிலுவையில் அறையப்பட்ட செவ்விந்தியன் ஒருவனையும் அவனுக்கு மேலே கழுகையும் தீட்டினார். தொழிலின்றி வாடிய அக்காலத்தில் மெக்சிக்கோ மக்கள் பல்லாயிரவர் அமெரிக்காவிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கொண்டிருந்தனர். வீதியிலிருந்து தெரியும் பகுதி சில மாதங்களுக்குள் வெள்ளையடித்து மறைக்கப்பட்டது. பத்தாண்டு நிறையுமுன் முழுவதும் மறைந்தது. சிகெய்ரோஸ் நாட்டைவிட்டு நீங்கினார்.

ஆனால் அவர் தேடலை நிறுத்தவில்லை. கார்களும் இயந்திரங்களும் நிறைந்த நகரத்தைப் பழைய எண்ணெய்ச் சாயத்தால் தீட்டுதல் பொருந்தாது என்பது அவர் கொள்கை. 1936ஆம் ஆண்டில் நியூயோர்க்கிற் பரிசோதனைக் கூடமொன்றை அமைத்து, மோட்டார் வண்டிகளுக்குப் பூசும் டூகோ என்னும் விரைந்து காயும் சாயத்தை ஊற்றியும் தெளித்தும் பார்த்தார். பின்னர் புகழ்பெற்ற ஜக்சன் பொலொக் அங்கே பயின்ற இளைஞர்களில் ஒருவர். டூகோ அக்கிறிலிக் அன்று. மரநாரை அமிலத்தோடு சேர்த்து ஆக்கிய வேறொரு பொருள். ஆயினும் தொழிற்சாலைச் சாயம் ஓவியத்துக்கு ஆகும் என்ற துணிவை அது தந்தது. மெக்சிக்கோவில் ஹோசே குத்தியேரெஸ் என்பவர் பல்தொழிற் கல்வி நிறுவனத்தில் செயற்கைப் பிசின் சாயங்களை ஆராய்ந்து ஓவியர்க்கு உதவினார்.

அக்கிறிலிக் பிசினின் வரலாறு இதனினும் பழையது. ஜேர்மனிய இரசாயன அறிஞர் ஒட்டோ றோம் 1901ஆம் ஆண்டிற் சமர்ப்பித்த பட்ட ஆய்வு அக்கிறிலிக் அமிலத்திலிருந்து பிறக்கும் பிசின்களைப் பற்றியது. 1907ஆம் ஆண்டில் அவர் ஒட்டோ ஹாஸ் என்னும் நண்பரோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம் முதலில் தோல் பதனிடும் பொருளையே விற்றது. 1933ஆம் ஆண்டில் பிளெக்சிகிளாஸ் என்னும் கண்ணாடி போன்ற அக்கிறிலிக் தகடு வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரில் அது விமானங்களின் மூடியாகப் பயன்பட்டது. அந்நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை 1953ஆம் ஆண்டில், நீரிற் பால்போலக் கலந்து நிற்கும் அக்கிறிலிக் பிசினை வீட்டுச் சாயத்துக்காக விற்பனைக்குக் கொணர்ந்தது. சின்சினாட்டி நகரிற் சாயத் தொழில் நடத்திய ஹென்றி லெவிசன் 1955ஆம் ஆண்டில் அவ்வகைப் பிசினில் ஓவியர்க்கான சாயத்தைச் செய்து லிக்குயிடெக்ஸ் எனப் பெயரிட்டார். முதலில் அது கூழ்போல் ஓடியது. 1960களில் குழாயில் அடைக்கத்தக்க தடித்த வகையும் வந்தது. இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டில் கிறைலா என்னும் பெயருடைய அக்கிறிலிக் சாயம் விற்பனைக்கு வந்தது. சுவருக்கு உரிய பொருள் இவ்வாறு ஓவியனின் பலகைக்கு மீண்டது.

இச்சாயம் காயும் முறை எளிது. பிசின் நுண்ணிய மணிகளாக நீரில் மிதக்கும். நீர் ஆவியாகுங்கால் மணிகள் ஒன்றையொன்று நெருங்கி, ஒட்டி, வளையும் தன்மையுள்ள ஒரே படலமாகும். பால்போன்ற வெண்மை நீங்கித் தெளிவு வருவதால் காய்ந்தபின் வண்ணம் சிறிது கருமையாகத் தோன்றும். பயில்வோர் இதனை முன்னரே எண்ணிச் சற்று வெளிறக் கலப்பர். மெல்லிய பூச்சு அரைமணி நேரத்துக்குள் காயும். வெப்ப நாடுகளில் இன்னும் விரைவு. கத்தியில் ஒட்டியதை உடனே துடைக்காவிடில் தோல்போல் இறுகிவிடும்.

கத்தியும் இச்சாயமும் சேர்ந்து வீதியொன்றை ஆக்கும் முறையை நேயர்கள் மனக்கண்ணிற் காணலாம். கலக்கும் கத்தி நேரானது; தீட்டும் கத்தி கழுத்து வளைந்து, முனை குறுகி, அச்சுக்குச் சிறு சாந்தகப்பையாகவே இருக்கும். கழுத்து வளைந்திருப்பதனாற் கைவிரல் ஈரச் சாயத்திற் படாது. முதலில் துணி முழுவதும் செம்மண் நிறத்தை மெல்லப் பூசுவர். வீதியின் இருமருங்குக் கோடுகளும் தொலைவில் ஒரு புள்ளியிற் கூடுமாறு அடையாளமிடுவர். பின்னர் வானம், வலப்பக்கச் சுவர், இடப்பக்கச் சுவர், தரை ஆகிய நான்கு பெரும் பரப்புகளையும் கருமையான வண்ணங்களால் நிரப்புவர். அது காய்ந்ததும் தடித்த சாயம் தொடங்கும். கத்தியின் வயிறு சுவரைப் பூசும். ஓரம் விளக்குத் தூணையும் கம்பியையும் கீறும். முனை சாளரத்தைத் திறக்கும். மஞ்சளையும் செம்மஞ்சளையும் முழுதும் கலவாமல் ஒருமிக்க அள்ளி ஓர் இழுப்பு இழுத்தால், விளக்கொளி பட்ட சுவர் தோன்றும். காய்ந்த மேடுகளின்மேல் வெளிர்நிறத்தை உரசினால் மேடுகளில் மட்டும் ஒட்டி, பழஞ்சாந்தின் பொலிவு வரும். மழைத் தெருவின் ஒளிப் பிரதிபலிப்பைக் கீழ்நோக்கிய நேர் இழுப்புகளால் அமைப்பர். இறுதியில் மாந்தர்: உடலுக்கு ஓர் அப்பு, தலைக்கு ஒரு புள்ளி, குடைக்கு ஒரு வளைவு.

இங்கேதான் பயிற்சியில்லாதோர் தவறுவர். கத்தியால் நுண்ணிய முகத்தைத் தீட்ட முயன்றாற் காட்சி கெடும். எல்லா வண்ணங்களையும் ஒரே உரத்தில் இட்டால் கண் எங்கும் தங்காது. சிவந்த குடையொன்று சுடர வேண்டுமாயின் அதைச் சூழ்ந்த சுவர் சாம்பலாக இருத்தல் வேண்டும். ஓர் அப்பில் ஒரு மனிதன் நிற்பதற்கு, அவன் எவ்வாறு நிற்கிறான் என்பதைத் தீட்டுவோன் முன்னரே நோக்கி இருத்தல் வேண்டும். சுமையுடையவனின் தோள் ஒரு புறம் தாழும். வேலை தேடுவோனின் நடையும் விழாவுக்குச் செல்வோனின் நடையும் ஒன்றல்ல. நோக்காதவன் இடும் அப்பு சாயமாகவே நின்றுவிடும்.

வீதி ஓவியம் மக்களிடையே பெற்ற வரவேற்புக்கு லியொனித் அப்ரெமொவ் ஓர் எடுத்துக்காட்டு. அவர் லிக்குயிடெக்ஸ் வெளிவந்த அதே 1955ஆம் ஆண்டிற் பெலாருஸ் நாட்டு வித்தெப்ஸ்க் நகரிற் பிறந்தார். 1990ஆம் ஆண்டில் இஸ்ரவேலுக்குக் குடிபெயர்ந்து, பின்னர் அமெரிக்காவிலும் மெக்சிக்கோவிலும் வாழ்ந்து, 2019ஆம் ஆண்டிற் காலமானார். மழையில் நனைந்த பூங்காவும் தெருவிளக்கும் குடை பிடித்த இருவரும் கொண்ட அவருடைய கத்தி ஓவியங்கள் எண்ணெய்ச் சாயத்தால் ஆனவை. காட்சிக்கூடங்களைப் பெரிதும் நம்பாது கணினி வலையின் வழியே அவற்றை மக்களுக்கு நேரே விற்றார். அவர் முறையைப் பின்பற்றிய பயில்வோர் பலர், விரைந்து காய்வதன் பொருட்டு அக்கிறிலிக்கை நாடினர். இவை அழகிற் குறைந்தவை அல்ல. ஆயினும் கடையில் விற்கும் பல போலி ஓவியங்களில் வீதியில் யாருமே உழைப்பதில்லை. கல்லுடைப்போனும் இல்லை, மூட்டை சுமப்போனும் இல்லை. ஒளியும் குடையும் மட்டும் எஞ்சுகின்றன. ஒல்வேரா வீதியில் சோலையையும் பறவைகளையும் எதிர்பார்த்தோர் வேண்டியதும் இத்தகைய காட்சியே.

அக்கிறிலிக்குக் குறைகளும் உள. அதன் படலம் மென்மையானது; தூசியை எளிதில் ஏற்கும்; கடுங் குளிரில் உடையும். 2000களில் இலண்டன் டேட் காட்சியகத்தார் அதனைத் தூய்மை செய்யும் முறைகளை ஆராயத் தொடங்கினர். எண்ணெய் ஓவியத்துக்கு ஐந்து நூற்றாண்டுச் சான்று உண்டு. அக்கிறிலிக்குக் கிடைத்திருப்பது எழுபது ஆண்டுச் சான்றே. இருந்தும் சுவரில் அதன் வலிமை கண்கூடு. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜூடித் பாக்கா என்னும் ஓவியர் 1976ஆம் ஆண்டில் ஒரு பெரும் சுவரோவியத்தைத் தொடங்கினார். வெள்ளவாய்க்காலின் சீமெந்துச் சுவரில் ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு, கலிபோர்ணியாவிற் புறக்கணிக்கப்பட்ட மக்களின் வரலாறு அக்கிறிலிக் சாயத்தால் எழுதப்பட்டது. அதைத் தீட்டியோர் நானூற்றுக்கு மேற்பட்ட இளைஞர். அவர்களுட் பலர் ஏழை வீதிகளிலிருந்து வந்தோர். குற்றஞ் சாட்டப்பட்டு நீதிமன்றம் சென்றோரும் அவர்களிடையே இருந்தனர்.

அதே நகரத்தில், வெள்ளையடித்து மறைக்கப்பட்ட சிகெய்ரோஸின் ஓவியம் பல ஆண்டுப் பாதுகாப்புப் பணிக்குப்பின் 2012ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. எழுதப்பட்டு எண்பது ஆண்டுகள் கடந்திருந்தன. வண்ணம் பெரிதும் மங்கிவிட்டது. அதைப் புதிதாகத் தீட்டாமல், எஞ்சியதை எஞ்சியவாறே காத்தனர். மறைத்த செயலும் அவ்வரலாற்றின் ஒரு பகுதி என்பதனால் அது பொருத்தமே.

சியெனா மண்டபத்தில் ஆள்வோர்க்கு எதிரே எழுதப்பட்ட வீதியும், கல்லுடைப்போர் அமர்ந்த வீதியோரமும், கண்ணோயுற்ற முதியவர் சாளரத்தினூடே கண்ட வீதியும், வெள்ளையடிக்கப்பட்ட சுவரும் ஒரே வழியின் மைற்கற்கள். ஓவியன் சாரத்திலிருந்து இறங்கியபோது கைவிட்ட சாந்தகப்பை சிறு கத்தியாகி அவனிடம் மீண்டது. சுவர்ச் சாயம் குழாயிலடைபட்டு மீண்டது. விலை மலிந்த ஒரு கத்தியும் ஐந்தாறு வண்ணங்களும் பாடசாலை மாணவனுக்கும் இன்று எட்டுவன. அவற்றைக் கையில் எடுப்பவன் தன் வாயிலில் நின்று தன் வீதியை ஒரு நாழிகை நோக்குவானாயின், பால் கொண்டு வருபவனின் தோள் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதைக் காண்பான். அவன் இடவேண்டிய முதல் அப்பு அதுவே.